722.6 கண்டக்டர் பிளேட் கிட்: எஸ்எல்கே ஆட்டோமேட்டிக் இரண்டாம் கியரில் சிக்கினால் இதை வாங்கலாமா?

மெர்சிடிஸ் எஸ்எல்கேயின் முதல் தலைமுறையான ஆர்170, 1996 முதல் 2004 வரை வந்த வண்டி. அதன் ஐந்து கியர் ஆட்டோமேட்டிக்குக்கு 722.6 என்று பெயர். கிறைஸ்லர் கிராஸ்ஃபயரிலும் இதே கியர்பாக்ஸ்தான். வயதான 722.6 பெரும்பாலும் ஒரே மாதிரிதான் மக்கர் செய்யும். ஓடிக்கொண்டிருக்கும்போதே கியர் மாறுவது நின்றுவிடும். ஓரங்கட்டி, பி-யில் போட்டு, எஞ்சினை அணைத்து, பத்து வினாடி கழித்துக் கிளப்பினால் இரண்டாம் கியரும் ரிவர்ஸும் மட்டும் விழும். இதுதான் லிம்ப் மோடு. உடனே பலரும் ஆர்டர் போடுவது கண்டக்டர் பிளேட் கிட்டை. கியர்பாக்ஸுக்குள் மின் இணைப்புகளையும் வேக சென்சார்களையும் தாங்கி நிற்கும் தட்டுதான் கண்டக்டர் பிளேட். கிட் நல்ல பொருள்தான், சரியான நோய்க்குப் போட்டால் கியர்பாக்ஸைக் கழற்றாமலே வண்டி பழைய நிலைக்கு வந்துவிடும். ஆனால் பரிசோதிக்காமல் வாங்கினால் பாதிப் பேருக்குத் தேவையற்ற செலவு.

பெட்டியில் இருக்க வேண்டியவை இவை: கண்டக்டர் பிளேட் (140 270 11 61), 13 பின் கனெக்டர் புஷிங் (203 540 02 53), ஃபில்டர் (140 277 00 95), பான் (அடியிலுள்ள ஆயில் தட்டு) கேஸ்கெட், ஏடிஎஃப் எனும் கியர்பாக்ஸ் ஆயில். கேஸ்கெட்டும் புஷிங்கும் இல்லாமல் பிளேட்டை மட்டும் அடைத்து 'கிட்' என்று விற்பவர்களும் உண்டு. எண்களை ஒப்பிட்டு வாங்குங்கள். ஆயில் பாட்டிலில் மெர்சிடிஸின் 236.10, 236.12, 236.14 ஆகிய தரங்களில் ஒன்று இருக்க வேண்டும். 236.15 வேறு கியர்பாக்ஸுக்கானது. 'எல்லா வண்டிக்கும் பொருந்தும்' என்று எழுதிய பாட்டில் கிட்டில் வந்தால் அதை ஒதுக்கிவிட்டு நல்ல ஆயில் தனியாக வாங்குவதே மேல்.

இந்தக் கிட்டிலேயே விலை குறைந்த சாமான் அந்தப் புஷிங். பரிசோதனையும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். கியர்பாக்ஸின் பக்கவாட்டில் வயரிங் நுழையும் இடத்தில் இரண்டு ஓ-ரிங்குகளோடு உட்கார்ந்திருக்கும் பிளாஸ்டிக் துண்டு அது. ரப்பர் இறுகினால் ஆயில் வெளியே கசியும். அதைவிட மோசம், கனெக்டருக்குள் புகுந்த ஆயில் வயரின் இழைகள் வழியே திரியில் எண்ணெய் ஏறுவது போல ஏறி, கியர் கம்ப்யூட்டரின் சாக்கெட் வரை போய்விடும். அங்கே ஈரம் தென்பட்டால் பிளேட்டின் மேல் பழி போடாதீர்கள். இரண்டு முனைகளையும் கான்டாக்ட் கிளீனரால் கழுவி, புஷிங்கை மாற்றி, ஆயில் மட்டத்தைச் சரிசெய்து, கம்ப்யூட்டர் பதிந்துவைத்த பிழைக் குறியீடுகளை (கோடுகளை) ஸ்கேனரால் அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். பல வண்டிகளுக்கு வைத்தியம் இவ்வளவுதான்.

அடுத்தது ஸ்கேனர். பிழைக் குறியீடுகளைப் படிக்கும் சாதாரண ஓபிடி ரீடர் எஞ்சின் கோடுகளோடு நின்றுவிடும். எஸ்எல்கேயின் கியர் கம்ப்யூட்டரோடு பேச, பானெட்டுக்கு அடியிலுள்ள 38 பின் வட்ட சாக்கெட்டில் மாட்டும் மெர்சிடிஸ் ஸ்கேனர் தேவை. கோடு படிப்பதோடு விடாமல், ஓட்டும்போது என்2, என்3 என்ற இரண்டு வேக சென்சார்களின் எண்களைப் பாருங்கள். கண்டக்டர் பிளேட்டோடு ஒட்டிப் பிறந்தவை இவை, தனியாக மாற்ற முடியாது. ஒன்று முன் கியர் செட்டின் சன் கியர் (நடுப் பல்சக்கரம்) வேகத்தையும், மற்றது அதன் பிளானட் கேரியர் (நடுச் சக்கரத்தைச் சுற்றும் பல்சக்கரங்களைத் தாங்கும் சட்டம்) வேகத்தையும் படிக்கிறது. இரண்டு, மூன்று, நான்காம் கியர்களில் இவ்விரண்டும் கிளட்ச்சால் பூட்டப்பட்டு ஒன்றாகச் சுற்றும் என்பதால் இரு எண்களும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றிலும் ஐந்திலும் சன் கியரை பிரேக் பிடித்து நிறுத்திவிடும், அப்போது அதன் எண் பூஜ்யம். மூன்றாம் கியரில் ஓடும்போது ஒரு எண் திடீரென்று விழுந்து விழுந்து எழுந்தால், சென்சார் செத்துக்கொண்டிருக்கிறது. குளிர்ந்திருக்கும்போது ஒழுங்காக ஓடி, சூடானதும் படுத்துக்கொள்வது இதன் குணம். ஆகவே வீட்டு வாசலில் வைத்துப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டக் கூடாது, அரைமணி நேரம் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் குழப்பும். இந்தக் கியர்பாக்ஸில் அவுட்புட் வேக சென்சார் கிடையாது. அந்தத் தகவலைச் சக்கரங்களின் ஏபிஎஸ் சென்சார்களிடமிருந்து வாங்கிக்கொள்கிறது. கியர் தகராறோடு ஏபிஎஸ் விளக்கும் எரிந்தால் முதலில் சக்கரப் பக்கம் போங்கள்.

பிழைக் கோடு சோலினாய்டை (ஆயில் வழியைத் திறந்து மூடும் மின்காந்த வால்வை) சொன்னால் மல்டிமீட்டர் போதும். மூன்று ஷிஃப்ட் சோலினாய்டுகளும் சுமார் 4 ஓம், இரண்டு பிரஷர் சோலினாய்டுகளும் சுமார் 5 ஓம், டார்க் கன்வெர்ட்டரைப் பூட்டும் லாக்கப் சோலினாய்டு சுமார் 2.5 ஓம் காட்ட வேண்டும். சோலினாய்டுகள் கிட்டில் வராது, பழையவற்றையே புதுப் பிளேட்டுக்கு மாற்ற வேண்டும்.

பொருத்துவது பொறுமையான கைக்கு அரைநாள் வேலை. வரிசை முக்கியம்: முதலில் பேயனட் கனெக்டரைத் திருகி எடுத்து, புஷிங்கின் நடுவிலுள்ள 7 மிமீ போல்ட்டைக் கழற்றி, புஷிங்கை வெளியே உருவிவிட வேண்டும். அது உள்ளே இருக்கும்போதே வால்வ் பாடியை (பிளேட்டைத் தாங்கும், ஆயில் வால்வுகள் அடங்கிய கட்டையை) இறக்கினால் பிளேட்டின் சாக்கெட் உடையும். பிறகு ஆயில் வடித்து, பானையும் ஃபில்டரையும் எடுத்து, டி30 டார்க்ஸ் போல்ட்டுகளைக் கழற்றி வால்வ் பாடியை நேராக இறக்குங்கள். அதை இரண்டாகப் பிரிக்க வேண்டியதில்லை. பிரித்தால் உள்ளே இருக்கும் சிறு குண்டுகள் உருண்டோடும், தேடி மாளாது. சோலினாய்டு முனைகளில் ஒட்டியிருக்கும் இரும்புத் தூளைத் நூல் விடாத துணியால் சுத்தம் செய்யுங்கள். திரும்ப ஏற்றும்போது செலக்டர் வால்வின் பள்ளத்தில் லீவரின் ஊசி போன்ற முனை (பின்) உட்கார்ந்ததா என்று கண்ணால் பார்த்துவிட்டே போல்ட் போடுங்கள், தவறினால் கியரே விழாது. வால்வ் பாடிக்கும் பானுக்கும் 8 நியூட்டன் மீட்டர், அதற்கு மேல் வேண்டாம்.

இந்த வேலையைக் கெடுப்பது பெரும்பாலும் ஆயில் மட்டம்தான். டிப்ஸ்டிக் இல்லாமலே வந்த கியர்பாக்ஸ் இது. குழாயில் வெறும் மூடிதான் இருக்கும், அளவுக்கோல் தனியாக வாங்க வேண்டும். கிட்டோடு அதைத் தரும் கடைக்கு என் ஓட்டு. முதலில் 4 லிட்டர் ஊற்றி, எஞ்சினைக் கிளப்பி, கியர்களை ஒருமுறை மாற்றிவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். இறுதி அளவு 80 டிகிரி செல்சியஸில், எஞ்சின் ஓட, பி-யில். இங்கே ஒரு பொறி இருக்கிறது: ஆயில் வெப்ப சென்சாரும் பார்க்-நியூட்ரல் கான்டாக்ட்டும் ஒரே சர்க்யூட்டில் தொடராக இருப்பதால், பி-யில் இருக்கும்போது ஸ்கேனர் காட்டுவது ஆயில் வெப்பம் அல்ல, எஞ்சின் கூலன்ட்டுடையது. பிரேக்கை அழுத்தியபடி டி-யில் போட்டு வெப்பத்தைப் படித்துவிட்டு, பி-க்குத் திரும்பி அளக்க வேண்டும். குறைந்தால் கியர் தாமதமாக விழும், ஏற்றத்தில் ஸ்லிப் ஆகும். கூடினால் நுரைத்து அதே தொல்லைதான்.

மிதமான வேகத்தில் சீராகப் போகும்போது கரடுமுரடான சாலையில் ஓடுவது போல் வண்டி அதிர்ந்தால் அது லாக்கப் கிளட்ச்சும் கெட்ட ஆயிலும். கன்வெர்ட்டரில் இருப்பதையும் சேர்த்து ஆயிலை முழுதாக மாற்றினால் சில வண்டிகளில் சரியாகும், பிளேட் மாற்றி எந்தப் பயனும் இல்லை. பானின் காந்தத்தில் சாம்பல்நிறப் பசை இருப்பது இயல்பு. விரலில் நெருடும் உலோகச் செதில்களோ கருகிய வாடையோ இருந்தால் கிட்டைத் திருப்பி அனுப்பிவிட்டு கியர்பாக்ஸை முழுதாகப் பிரித்துப் பார்க்கும் ஆளைத் தேடுங்கள்.

வேலை முடிந்ததும் அடாப்டேஷனை (கம்ப்யூட்டர் கற்றுவைத்த கியர் மாற்ற அளவுகளை) ரீசெட் செய்து, ஆயில் சூடான பின் மென்மையாக ஆக்சிலரேட்டர் மிதித்து ஓட்டுங்கள். முதல் சில கியர் மாற்றங்களில் ஜெர்க் இருக்கும், பிறகு படியும். வயரில் ஏற்கெனவே ஏறிய ஆயில் சில வாரங்கள் கசிந்துகொண்டேதான் இருக்கும். மாதம் ஒன்று கழித்துக் கம்ப்யூட்டர் சாக்கெட்டை இன்னொரு முறை திறந்து துடைத்துவிடுங்கள்.