தங்கசாலை தெரு மாடி மெஸ்: மீன நிறுத்துன எனக்கு செட் ஆன சாப்பாடு

நான் சென்னை காசிமேட்டுக்காரன். வாரத்துல அஞ்சு நாள் மீனு, ஒரு நாள் கறி, மிச்சம் இருக்குற நாள் கருவாடுன்னு வளந்த ஒடம்பு. இந்த வருஷம் மார்ச் மாசம் ஒரு நாள் விடியகாலைல கால் கட்ட வெரலு வீங்கி செவந்து, போர்வ பட்டா கூட உயிர் போற வலி. டெஸ்ட் எடுத்தா யூரிக் ஆசிட் 9க்கு மேல, ஆம்பளைங்களுக்கு 7க்குள்ள இருக்கணுமாம். நெத்திலி, கவலை, எறா, ஈரல் இதெல்லாம் நல்லா கொறைங்க, பீர் தொடாதீங்கன்னு டாக்டர் சொன்னாரு. முழுசா சைவம் ஆகுன்னு அவர் சொல்லல, அது நானா எடுத்த முடிவு. ஏன்னா எனக்கு கொறைக்கிறதுங்குறது வராது, நிறுத்துனா நிறுத்துனதுதான்.

ஏப்ரல் 15லதான் ஆரம்பிச்சேன். மீன்பிடி தடைக்காலம் அன்னிக்குதான் தொடங்குது, ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு எதுவும் கடலுக்கு போகாது, ஃபைபர் போட்டுல கரையோரம் புடிக்கிறது மட்டும்தான் வரும், வெலயும் கன்னாபின்னான்னு ஏறிடும். வீட்லயே மீனு கொறையுற நேரம், நம்மளும் நிறுத்திக்கிட்டா பெருசா தெரியாதுன்னு ஒரு கணக்கு போட்டேன்.

மொத மூணு வாரம் ரொம்ப கஷ்டப்பட்டேன், அத மறைக்க விரும்பல. மண்ணடில இரும்புக் கடைல பில்லிங் பாக்குறேன், மதியம் பக்கத்துல இருக்குற ஒரு சைவ ஓட்டல்ல மீல்ஸ் சாப்டுவேன், பேர் வேணாம். தெனமும் அதே சாம்பார் அதே உருளக்கெழங்கு பொரியல் அதே ரசம், ரெண்டு தடவ சாதம் வாங்கி வயிறு முட்ட தின்னாலும் நாலு மணிக்கு கை நடுங்குற மாதிரி பசி. அப்பதான் கூட இருந்தவங்க சொன்னாங்கன்னு சோயால செஞ்ச சிக்கன், காளான்ல செஞ்ச மட்டன்னு வாங்கிப் பாத்தேன். ஒவ்வொரு வாயிலயும் இது அது இல்லன்னு நாக்கு சொல்லிக்கிட்டே இருக்கு. புதுசா சைவத்துக்கு வரவங்களுக்கு நான் மனசார சொல்றது, ஆரம்பத்துல இந்த போலி அயிட்டம் பக்கம் போகாதீங்க, விட்டத ஞாபகப்படுத்திக்கிட்டே இருக்கும். மீல் மேக்கர் நல்ல பொருள்தான், காஞ்சது 100 கிராம்ல 50 கிராமுக்கு மேல புரதம் இருக்கு, நானும் வாரம் ரெண்டு தடவ சாப்டுறேன். ஆனா அத மீல் மேக்கராவே சமைங்க, கறி மாதிரி வேஷம் போட வெக்காதீங்க.

நான் வாடிப்போறத பாத்துட்டு கடைல லோடு இறக்குற தம்பிதான் "ண்ணா, சேட்டு மெஸ்ஸுக்கு வாண்ணா, ஒரு நாளு துன்னு பாரு"ன்னு இழுத்துட்டுப் போனான். தங்கசாலை தெருவுல ஏகாம்பரேஸ்வரர் கோயில் கிட்ட ஒரு சந்து, அதுல ஒரு பழைய கட்டடம், ஆள் ஒருக்களிச்சு ஏறுற மாதிரி மரப்படி, மேல போனா பத்து டேபிள். போர்டு இந்தில மட்டும் இருக்கு, எனக்கு படிக்கத் தெரியாது, எல்லாரும் மாடி மெஸ்ஸுன்னுதான் சொல்றாங்க, அதனால நானும் அப்டியே எழுதுறேன். மண்ணடி மெட்ரோல எறங்கி நடந்தே வந்துடலாம். பைக்க மட்டும் எடுத்துட்டு வராதீங்க, அந்த தெருவுல தள்ளுவண்டிக்கும் மூட்ட தூக்குறவங்களுக்கும் நடுவுல நிறுத்த எடமே கெடைக்காது.

தாலி (வடநாட்டு தட்டு மீல்ஸ்) 160 ரூபா, அன்லிமிடெட். தட்டுல ஆறு கிண்ணம், பருப்பு ஒண்ணு, கடி ஒண்ணு (மோர்க்கொழம்பு மாதிரி, கடலமாவு கரைச்சு விட்டது), ரெண்டு சப்ஜி (தொட்டுக்குற காய்), தயிர், ஒரு இனிப்பு. புல்கா (எண்ண இல்லாம சுடுற மெல்லிசு சப்பாத்தி) சுடச்சுட வந்துக்கிட்டே இருக்கும். தணல் மேல போட்டா பந்து மாதிரி உப்பும், அத தட்டி ஆவிய எறக்கி ஒரு ஸ்பூன் நெய்ய தடவி நேரா தட்டுல போடுறாங்க. போதும்னா வாயால சொன்னா கேக்க மாட்டாங்க, தட்டு மேல கைய வெச்சு மறைக்கணும். சாதம் கடைசிலதான், கேட்டாதான். மொத நாள் எனக்கு சாதம் இல்லாம சாப்ட்ட மாதிரியே இல்ல, ஆனா அன்னிக்கு சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் பசிக்கவே இல்ல, அப்பதான் உக்காந்து யோசிச்சேன். பருப்பு, கடலமாவு, தயிர்னு தட்டுல நெறைய கிண்ணத்துல புரதம் இருந்திருக்கு. அந்த ஓட்டல் மீல்ஸ்ல மூணு வாரமா நான் தின்னது வெறும் சோறும் கெழங்கும்.

கட்டா சப்ஜி பத்தி தனியா சொல்லணும். கடலமாவுல ஓமம், மொளகாத்தூள், எண்ண விட்டு கெட்டியா பெசஞ்சு வெரல் தடிமனுக்கு உருட்டி தண்ணில வேக வெக்கிறாங்க, அப்புறம் துண்டு துண்டா வெட்டி தயிர் மசாலால கொதிக்க விடுறாங்க. ஒரு துண்ட கடிச்சா பல்லுக்கு ஒரு எதிர்ப்பு இருக்கு, உள்ள வரைக்கும் காரம் ஏறி இருக்கு. மீன் துண்ட விட்டவனுக்கு இந்த கடிக்கிற சுகம் எவ்ளோ பெரிய விஷயம்னு விட்டவனுக்குதான் தெரியும். இது எதையும் காப்பி அடிக்கல, கட்டா கட்டாவாவே இருக்கு.

ஆனா என்ன அந்த மெஸ்ஸுக்கு நிரந்தர ஆளா ஆக்குனது கேர் சாங்ரி. ரெண்டாவது வாரம் ஒரு புதன்கெழம வெச்சாங்க. பாக்க கருப்பா சுருங்கிப்போன குச்சி குச்சியா, அதுதான் சாங்ரி, நடுவுல சுண்டக்கா மாதிரி சின்ன சின்ன உருண்ட, அது கேர் காய், எண்ண மினுமினுன்னு. வாய்ல போட்டதும் புளிப்பு, அப்புறம் காரம், அப்புறம் அடில காஞ்ச பொருளுக்கே உள்ள ஒரு அழுத்தமான ருசி. சத்தியமா சொல்றேன், மீன் வாசமோ மீன் ருசியோ எதுவும் இல்ல, ஆனா கருவாட்டுத் தொக்க சோத்துல வெச்சு பெசயுறப்ப நாக்குல ஒரு எடம் முழிச்சுக்குமே, அதே எடம் முழிச்சுது. நான் அப்டியே உக்காந்துட்டேன்.

கல்லால இருக்குற சேட்டு கிட்ட கேட்டேன். மூணு தலைமுறையா சவுகார்பேட்டைல இருக்காங்க, நம்மள விட சுத்தமா மெட்ராஸ் பாஷ பேசுவாரு. "எங்க ஊரு பாலவனம் நைனா, காய்கறி எங்க மொளைக்கும், மழ பெஞ்சாதான் உண்டு, கெடைக்கிறப்ப பறிச்சு வெயில்ல காய வெச்சு வருஷம் பூரா துன்னுவோம்"னாரு. சாங்ரின்றது வேற எதுவும் இல்ல, நம்ம ஊரு கோயில்ல இருக்குற வன்னி மரத்தோட காய்தான். அங்க அதுக்கு கேஜ்ரின்னு பேரு, ராஜஸ்தானோட மாநில மரம். 1730ல ஜோத்பூர் ராஜா ஆளுங்க அந்த மரத்த வெட்ட வந்தப்ப பிஷ்னோய்ன்ற சமூகத்து ஜனங்க மரத்த கட்டிப்புடிச்சு நின்னு 363 பேரு உயிர விட்ருக்காங்க. மரம் வெட்டாதன்னு உயிர குடுத்த ஜனங்க கதைய கேட்டுக்கிட்டே அந்த மரத்தோட காய சாப்டுறது எனக்கு சாதாரணமா தெரியல.

எங்க ஆயா மணல்ல பாய விரிச்சு நெத்திலி காய வெச்சது ஞாபகம் வந்துச்சு. காத்தடிக்கிற மாசத்துல கடலுக்கு படகு போகாது, அதுக்குதான் கருவாடு. இவங்களுக்கு மழ இல்லாத மாசத்துக்கு சாங்ரி. அந்த அன்னிக்குதான் சைவ சாப்பாடுன்னா கறிய எடுத்துட்ட மிச்சம்னு நான் நெனச்சுக்கிட்டிருந்தது தப்புன்னு புரிஞ்சுது. தலைமுறை தலைமுறையா இதயே முழுச் சாப்பாடா சாப்ட்டவங்க கையால சாப்ட்டாதான் புதுசா வரவனுக்கு எதுவும் கொறையாது.

ஜெயின் தாலி தனியா கேட்டா கெடைக்கும், வெங்காயம் பூண்டு மட்டும் இல்ல, உருள, கேரட், முள்ளங்கின்னு மண்ணுக்கு அடில வெளயுற எதுவுமே இருக்காது. உருளைக்கு பதிலா வாழக்கா போடுறாங்க, பெருங்காயம் சீரகத்துலயே மணம் தூக்குது. ஜூலைல அவங்களுக்கு சதுர்மாசம் ஆரம்பிச்சதுல இருந்து தட்டுல கீர சுத்தமா நின்னுபோச்சு, மழைக்காலத்துல கீரைல பூச்சி அதிகம், அதுங்களுக்கு ஹிம்ச ஆகக்கூடாதுன்னு நாலு மாசம் தொட மாட்டாங்களாம். அதுக்கு பதிலா அப்பளத்துல சப்ஜி, பாசிப்பருப்பு வடகத்துல சப்ஜின்னு வருது. அந்த அப்பள சப்ஜி எனக்கு புடிக்கல, தயிர்ல ஊறி கொழகொழன்னு இருக்கு, ஆனா வடகம் சூப்பர்.

கொறைன்னா இருக்கு. ஒரு மணில இருந்து ரெண்டு மணி வரைக்கும் போனா நம்ம சேர் பின்னாடியே அடுத்த ஆள் நிக்கிறாரு, நிம்மதியா மெல்ல முடியாது. ரெண்டேகாலுக்கு மேல போங்க. கடில சக்கர தூக்கலா இருக்கு, நம்ம நாக்குக்கு ஒத்துவர ஒரு மாசம் ஆவும். நெய் வேணாம்னு மொத புல்காலயே சொல்லிடணும், இல்லன்னா நனைச்சு விட்ருவாங்க. சூரியன் மறையுறதுக்கு முன்னாடி சாப்ட்டு முடிக்கிற ஜெயின் ஆளுங்கதான் ராத்திரி கஸ்டமரு, அதனால ஆறரைக்கெல்லாம் ஷட்டர் போட்ருவாங்க, வேல முடிச்சு ஏழு மணிக்கு போய் ரெண்டு நாள் ஏமாந்தேன். அந்த நேரத்துக்கு தெருவுல முறுக்கு சாண்ட்விச் வண்டி இருக்கு, காக்கடா இனிப்புக் கடைல சூடா ஜிலேபி இருக்கு, ஆனா அதெல்லாம் சாப்பாடு ஆவாது. வயசானவங்களுக்கு அந்த படி ரொம்ப கஷ்டம், புடிச்சு ஏற கயிறு மட்டும்தான் இருக்கு, சேட்டு ஒரு கைப்புடி போட்டா புண்ணியமா போவும். 5க்கு 4 குடுக்குறேன், அந்த ஒண்ணு படிக்காகத்தான் கொறைச்சேன்.

இன்னொண்ணு, ஒடம்ப பத்தி. பி12 செடி கொடில கெடைக்காது, பால் தயிர்லதான் கொஞ்சம் வரும், அதனால சைவத்துக்கு மாறுறவங்க ரத்தத்துல அத ஒரு தடவ பாத்துடுங்க, எனக்கு கம்மியா இருந்து டாக்டர் மாத்திர எழுதிக் குடுத்தாரு. சாப்ட்டதும் டீ குடிக்கிற பழக்கத்த ஒரு மணி நேரம் தள்ளிப் போட்டுட்டேன், பருப்பு கீரைல இருக்குற இரும்புச்சத்த டீ ஒடம்புல சேர விடாது, எலுமிச்ச புழிஞ்சா நல்லா சேரும். பருப்பு சாப்ட்டா யூரிக் ஆசிட் ஏறுமான்னு பயந்து டாக்டர கேட்டேன், தாராளமா சாப்டுங்கன்னுட்டாரு. போன மாசம் 6.8 வந்துச்சு, மாத்திரையும் உண்டு, சாப்பாடும் உண்டு, எது எவ்ளோன்னு பிரிச்சு சொல்ல மாட்டேன்.

வீட்லதான் அம்மாவுக்கு மனசு ஆறல. "மீன் இல்லாத கொழம்ப எப்டிடா உனக்கு ஊத்துறது"ன்னு தெனமும் கேப்பாங்க. எனக்கு தனியா அதே மீன் கொழம்பு மசாலால மொச்சையும் கத்திரிக்காவும் மாங்காவும் போட்டு வெச்சுக் குடுத்துக்கிட்டு இருந்தாங்க, ஆனா அவங்க தட்டுல மீன் இருக்குறப்ப என் மூஞ்ச நேரா பாக்க மாட்டாங்க. போன ஞாயித்துக்கெழம அந்த படில மெதுவா புடிச்சு ஏத்தி மெஸ்ஸுக்கு கூட்டினு போனேன். கட்டாவ ரெண்டு துண்டு தின்னுட்டு ஒண்ணும் சொல்லல. சாங்ரி வந்ததும் ஒரு குச்சிய எடுத்து வெரலால நசுக்கிப் பாத்து மோந்து பாத்தாங்க, பரிமாறுற பையன கூப்ட்டு "எத்தினி நாளு காய வெப்பீங்கப்பா, உப்பு போடுவீங்களா"ன்னு கேட்டாங்க. அவனுக்கு தமிழ் புரியல, சேட்டுதான் எழுந்து வந்து சொன்னாரு.

எறங்கி பக்கத்து மளிகக் கடைல காஞ்ச சாங்ரி வெல கேட்டோம், வஞ்சிரம் வெலைக்கு சொன்னான். அம்மா பேரம் பேசி 100 கிராம் வாங்கிட்டாங்க. ராத்திரி ஊற வெச்சு காலைல பாத்தா, கருவாடு கழுவுற அதே அலுமினிய சட்டில மூணு தண்ணி மாத்தி அலசிக்கிட்டு இருக்காங்க. மெஸ்ஸுல புளிப்புக்கு போடுற மாங்காப்பொடி எங்க வீட்ல கெடையாது, புளி கரைச்சு ஊத்தி நல்லெண்ணைல சுண்ட விட்டாங்க. சேட்டு மெஸ்ஸுல இருக்குற மாதிரி இல்ல, காரம் ரொம்ப ஜாஸ்தி. அம்மா அன்னிக்கு என் பக்கத்துல உக்காந்து அதயே போட்டு சாப்ட்டாங்க, ரெண்டாவது தடவயும் வாங்கிக்கிட்டாங்க.