கிளாட்ரிபினா, பென்டோஸ்டாட்டினா? ஹேரி செல் லுகேமியாவில் நாங்கள் எடுத்த முடிவு

என் கணவருக்கு ஹேரி செல் லுகேமியா என்ற அரிய ரத்தப் புற்றுநோய் உறுதியானபோது, மருத்துவர் கிளாட்ரிபின், பென்டோஸ்டாட்டின் என்ற இரு மருந்துகளையும் விளக்கி, எங்கள் விருப்பத்தையும் கேட்டார். நாங்கள் கிளாட்ரிபினைத் தேர்ந்தோம்; அவருக்கு நோய் இன்றுவரை தணிந்தே இருப்பதால் என் சாய்வும் அதன் பக்கமே. பென்டோஸ்டாட்டினைப் பற்றி எழுதுவது மருத்துவர்கள் சொல்லியும் படித்தும் அறிந்தது மட்டுமே.

லுகேமியாக்களில் ஏறத்தாழ 2 சதவீதமே இந்த வகை. இரு மருந்துகளிலும் பெரும்பாலோருக்கு முழுத் தணிவு (பரிசோதனைகளில் நோயின் அடையாளம் தெரியாத நிலை) கிடைத்துப் பல ஆண்டுகள் நீடிக்கிறது என்பதால், பலனை வைத்து ஒன்றைத் தள்ள முடியாது. பென்டோஸ்டாட்டினை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, சிறுநீரகச் செயல்பாட்டைப் பார்த்துப் பார்த்து, மாதக்கணக்கில் செலுத்த வேண்டும். கிளாட்ரிபின் பொதுவாக 5 அல்லது 7 நாட்களில் முடிந்துவிடும்.

உண்மையில் முடிவைத் தீர்மானிப்பது நோய்த்தொற்று. கிளாட்ரிபினுக்குப் பின், தொற்றை எதிர்க்கும் வெள்ளையணுக்களான நியூட்ரோஃபில்களின் எண்ணிக்கை வேகமாகச் சரிந்து, சில வாரங்கள் தாழ்ந்தே கிடக்கும். செலுத்திய மருந்தைத் திரும்பப் பெறவும் வழியில்லை. பென்டோஸ்டாட்டினில் காய்ச்சல் கண்டால் அடுத்த தவணையைத் தள்ளிப்போடலாம் என்பதால், ஏற்கெனவே தொற்று உள்ளவர்களுக்கு அதைப் பரிசீலிப்பதில் நியாயம் இருக்கிறது. என் கணவருக்கு அப்போது தொற்று இல்லை, ரத்த அளவுகளும் அவசரப்படுத்தவில்லை. ஆகவே சென்னையில் மழையும் டெங்குவும் சேர்ந்து வரும் ஐப்பசி, கார்த்திகையைக் கடத்திவிட்டு, மருத்துவரின் ஒப்புதலோடு தை மாதத்தில் சிகிச்சையைத் தொடங்கினோம். நியூட்ரோஃபில் தாழ்ந்திருந்த வாரங்களில் கொதிக்கவைத்த நீர், வீட்டில் சமைத்த உணவு, விசேஷங்களுக்குப் போகாமை, உறவினர் வருகைக்குத் தடை என்று கண்டிப்பாக இருந்தோம். உடல் வெப்பம் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும் என்பது எங்களுக்கு இடப்பட்ட கட்டளை. நியூட்ரோஃபில் மீண்ட பிறகும் டி-செல்கள் என்ற இன்னொரு வகை நோயெதிர்ப்பு அணுக்கள் நெடுநாள் குறைவாகவே இருக்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அக்கி போன்றவை அப்போதுதான் தலைகாட்டும். பென்டோஸ்டாட்டினுக்கும் இது பொருந்தும்.

சில மாதங்கள் கழித்துச் செய்த எலும்பு மஜ்ஜைப் பரிசோதனையில் முழுத் தணிவு உறுதியானது. அதன்பின் தொடர் மருந்து ஏதுமில்லை. குறித்த இடைவெளியில் ரத்த அணுக்களை எண்ணும் சிபிசி பரிசோதனையும், மண்ணீரலை மருத்துவர் தொட்டுப் பார்ப்பதும் மட்டுமே. பிளேட்லெட் அல்லது நியூட்ரோஃபில் தொடர்ந்து இறங்கினால் நோய் திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். முதல் தணிவு பல ஆண்டுகள் நின்றிருந்தால் அதே கிளாட்ரிபினை, பெரும்பாலும் ரிடுக்ஸிமாப் என்ற எதிர்ப்பொருள் மருந்துடன் சேர்த்து, மறுபடியும் கொடுக்க இடமுண்டு.