50/50 என்று சீட்டு ஒட்டிய புட்டியும் ஆறு வாரத் தீய்ந்த வாடையும்

வேப் எனப்படும் மின்சிகரெட்டில் ஊற்றும் திரவத்தை வீட்டிலேயே கலந்துகொள்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஓர் இணையக் கடையில் அடித்திரவமும் (சுவை சேர்க்காத மூலக் கலவை) சுவைக்கான எசன்ஸும் வாங்கி ஆறு வாரம் அவதிப்பட்டேன். கடையின் பெயரை எழுதப்போவதில்லை. ஏமாந்தது எப்படி, கண்டுபிடித்தது எப்படி என்பதுதான் உங்களுக்குப் பயன்படும்.

என்னிடம் இருப்பது சிறிய பாட் கருவி, அதாவது திரவம் நிரப்பிய குப்பியைச் செருகி இழுக்கும் வகை. உள்ளே 1.2 ஓம் காயில்: பஞ்சில் ஊறிய திரவத்தைச் சூடாக்கி ஆவியாக்கும் கம்பிச்சுருள். கலவையும் எளிது: பாதி புரோப்பிலீன் கிளைக்கால், பாதி கிளிசரின், கொஞ்சம் எசன்ஸ், குறைந்த அளவு நிக்கோடின். முன்பெல்லாம் இரண்டு திரவங்களையும் தனித்தனியாக வாங்கி அளந்து ஊற்றுவேன். இந்த முறை சோம்பல் வந்துவிட்டது. சரிபாதியாகக் கலந்தே தருகிறோம் என்றார்கள், வாங்கிவிட்டேன்.

முதல் நாள் பரவாயில்லை. இரண்டாம் நாள் மாலை அடுத்தடுத்து மூன்று முறை இழுத்தேன். மூன்றாவது இழுப்பு தொண்டையைக் கீறிக்கொண்டு இறங்கியது; இஸ்திரிப்பெட்டிக்கு அடியில் மறந்துவிட்ட துணியின் வாடை. கழற்றிப் பார்த்தால் காயிலின் பஞ்சு நடுவில் பழுப்பேறிக் கிடக்கிறது, பாட் குப்பியிலோ முக்கால்வாசித் திரவம் அப்படியே இருக்கிறது.

கடைக்கு எழுதினேன். "புதிதாகக் கலப்பவர்களுக்கு இப்படித்தான் ஆகும் சார், காயிலை மாற்றுங்கள்" என்று பதில். மாற்றினேன். மறுபடி தீய்ந்தது. "பஞ்சை நனைத்துப் பத்து நிமிடம் ஊறவிட்டீர்களா?" நியாயமான கேள்வி, முதல் காயிலில் நான் அவசரப்பட்டது உண்மை. ஆனால் இரண்டாவதையும் மூன்றாவதையும் கால் மணி நேரம் ஊறவிட்டுத்தான் பொருத்தினேன். அடுத்து வந்ததுதான் உச்சம்: "வாட்டைக் கூட்டுங்கள், திரவம் நன்றாக ஆவியாகும்." என் காயிலின் மேலேயே 10 முதல் 14 வாட் வரை என்று பொறித்திருக்கிறது. 18 வைக்கச் சொன்னார்கள்.

திரவம் வந்து சேராத பஞ்சில் சூட்டைக் கூட்டினால் பஞ்சு கருகும், கிளைக்காலும் கிளிசரினும் சிதைந்து ஃபார்மால்டிஹைடு, அக்ரோலின் போன்றவை உண்டாகும். 2015-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்த ஓர் ஆய்வுக் கடிதம், 3.3 வோல்ட்டில் தென்படாத ஃபார்மால்டிஹைடு வகைச் சேர்மங்கள் 5 வோல்ட்டில் தென்பட்டதாகச் சொன்னது. அந்தச் சூட்டில் வரும் தீய்ந்த வாடையைத் தாங்கி மனிதர் யாரும் இழுக்கமாட்டார்கள் என்று அப்போதே மறுப்பும் எழுந்தது. அதாவது, நிறுத்து என்று சொல்லும் வாடை அது. இவர்கள் என்னை அதைத் தாண்டிப் போகச் சொன்னார்கள்.

ஐந்தாவது காயிலும் போன பிறகுதான் சந்தேகம் புட்டியின் பக்கம் திரும்பியது. சாய்த்தபோது திரவம் கண்ணாடியில் சோம்பேறித்தனமாக வழிந்தது. 0.01 கிராம் வரை காட்டும் தராசு வீட்டில் இருந்தது. முதலில் சிரிஞ்சில் 10 மில்லி தண்ணீர் எடுத்து நிறுத்தேன்: 10 கிராம், சிரிஞ்சு பொய் சொல்லவில்லை. 10 மில்லி புரோப்பிலீன் கிளைக்கால் ஏறக்குறைய 10.4 கிராம் இருக்கும், கிளிசரின் 12.6. சரிபாதிக் கலவை என்றால் 11.5-ஐ ஒட்டி வரவேண்டும். தராசு காட்டியது 12.38. மறுபடி, 12.41. மூன்றாம் முறையும் 12.4-தான். கணக்குப் போட்டால் பத்தில் ஒன்பது பங்கு கிளிசரின்! அறை வெப்பநிலையில் அது கிளைக்காலைவிட இருபது மடங்குக்கும் மேல் கெட்டியானது. என் காயிலின் ஊசித் துளை வழியாக அது எப்படி வேளைக்குப் பஞ்சுக்கு வந்து சேரும்?

புதிதாகக் கிளைக்காலும் கிளிசரினும் தனித்தனியாக வாங்கிக் கலந்தேன். துணி கருகும் வாடை அன்றே போய்விட்டது. ஆனால் நான்காம் நாள் வேறொரு கருகல்: கசப்பு, கருகிய சர்க்கரை, நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போனது. இப்போது எசன்ஸின் முறை. இரண்டு புதுக் காயில்கள் எடுத்தேன். ஒன்றில் எசன்ஸ் இல்லாத வெறும் கலவை, மற்றதில் எசன்ஸ் சேர்த்தது. இரண்டும் 11 வாட், ஐந்து நாள். முதல் காயிலின் பஞ்சு வெளிர் மஞ்சள், கம்பி சுத்தம். இரண்டாவதில் கம்பியே தெரியவில்லை. நகத்தால் சுரண்டினால் தார் போலக் கறுப்புப் பொருக்கு உதிர்கிறது.

படம் எடுத்து அனுப்பினேன். 'இனிப்பூட்டி கலக்காதது' என்று விற்பனைப் பக்கத்தில் எழுதியிருந்தவர்கள், கொஞ்சம் சுக்ரலோஸ் இருக்கிறது, எல்லோருக்கும் இனிப்புப் பிடிக்கிறது என்று இறங்கிவந்தார்கள். சுக்ரலோஸ் கிளிசரினைப் போல ஆவியாகிப் போகாது, கம்பியிலேயே கருகித் தங்கும். எவ்வளவு சேர்த்திருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு "தொழில் ரகசியம்" என்றார்கள். போகிற போக்கில் இன்னொரு யோசனை வேறு: கருகலை மறைக்க இரண்டு சொட்டுப் புதினா எண்ணெய் விடலாமாம். எண்ணெயை நுரையீரலுக்குள் இழுக்கச் சொல்பவரிடம் எசன்ஸ் வாங்கியிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. 2019-இல் அமெரிக்காவில் வேப் பிடித்த ஆயிரக்கணக்கானோர் நுரையீரல் பாதிப்போடு மருத்துவமனைகளில் சேர்ந்தார்களே, பெரும்பாலும் கஞ்சாச் சத்து நிரப்பிய குப்பிகளைப் பயன்படுத்தியவர்கள், அந்த விவகாரத்தில் முக்கியக் குற்றவாளியாகக் கண்டறியப்பட்டது வைட்டமின் ஈ அசிட்டேட் என்ற எண்ணெய்ப் பொருள்தான்.

எசன்ஸே இயல்பில் கருகல் வாடை தருவதும் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். புகையிலை, காப்பி, வறுத்த பருப்பு வகைகளில் அசிட்டைல் பைரசின் என்ற மணப்பொருள் சேர்ப்பார்கள். ஒரு சொட்டு கூடினால் தீய்ந்த மணம்தான். அது புதுக் காயிலில், குறைந்த வாட்டில், முதல் இழுப்பிலேயே தெரியும். பஞ்சு கருகுவது அடுத்தடுத்து இழுக்கும்போது திடீரென்று வரும், சற்று ஓய்வு கொடுத்தால் தணிவதுபோலக் காட்டும். இனிப்புக் கருகல் சில நாள் எடுத்து மெல்ல ஏறும், ஓய்வுக்கெல்லாம் தணியாது.

அடித்திரவத்தில் 300 மில்லி மீதமிருந்தது. 240 மில்லி கிளைக்கால் சேர்த்தால் கணக்குப்படி சரிபாதி ஆகிவிடும். அளவுக்குவளையைக் கையில் எடுத்தும் விட்டேன். பிறகு வைத்துவிட்டேன். தராசு எடையைத்தான் சொல்லும், உள்ளே இருப்பது இன்னதென்று சொல்லாது. கிளிசரின், கிளைக்கால் என்ற பெயரில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சு கலந்து வந்து, இருமல் மருந்து குடித்த குழந்தைகள் இறந்த சம்பவங்கள் உலகில் ஒன்றிரண்டு அல்ல. மருந்துத் தரச் சான்று கேட்டேன், அனுப்பவில்லை. புட்டியைக் கழித்துவிட்டேன்.

பணம் திரும்பி வரவில்லை. வேறு எசன்ஸ் ஒன்று இலவசமாக அனுப்புவதாகச் சொன்னார்கள், வேண்டாமென்றேன். நேற்று அவர்களுடைய விற்பனைப் பக்கத்தைப் பார்த்தேன். 50/50 அப்படியே இருக்கிறது. எசன்ஸ் படத்துக்குக் கீழே 'இனிப்பூட்டி கலக்காதது' என்ற வரியை மட்டும் எடுத்துவிட்டிருக்கிறார்கள்.