பெட்டியில் 150 பிஎஸ்ஐ என்று போட்டிருக்கும், நம்பி வாங்காதீர்கள்

டிரெய்லர் வைத்திருப்பவர்கள் யாராவது டயருக்குக் காற்றடிக்க, கையில் தூக்கிப்போகிற ஏர் கம்பரசர் வாங்கும் எண்ணத்தில் இருந்தால், காசைக் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். சிங்கப்பூரில் காக்கி புக்கிட் பக்கம் ஒரு கடையில் எனக்கு 189 வெள்ளி போனது. காசு போனதுகூடப் பரவாயில்லை. அந்தக் கருவி காட்டிய கணக்கை நம்பித் தீவு விரைவுச்சாலையில் ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்னும் பகீர் என்கிறது.

நானும் மச்சானும் கூடாரமும் ஜெனரேட்டரும் வாடகைக்கு விடுகிறோம். ஜெனரேட்டர் இரண்டு சக்கர டிரெய்லரில் நிற்கிறது. டயர் 195ஆர்14சி, 8 பிளை, அதாவது பாரம் தாங்குகிற ரகம். முழுப் பாரம் ஏற்றினால் 65 பிஎஸ்ஐ, அதாவது 450 கிலோபாஸ்கல் காற்றழுத்தம் வேண்டும். காருக்கு அடிப்பதைப் போல இரண்டு மடங்கு. பெட்ரோல் நிலையத்தில் காற்று இலவசம்தான். ஆனால் டிரெய்லரை மாட்டிக்கொண்டு அந்த மூலைக்குள் திருப்ப முடியாது. அதனால்தான் சொந்தமாக ஒன்று வாங்கப் போனேன்.

கடையில் தெளிவாகவே சொன்னேன்: "தம்பி, இது காருக்கு இல்லை. ஜெனரேட்டர் டிரெய்லர். 65 வரைக்கும் ஏறணும்."

"அண்ணே, 150 பிஎஸ்ஐ போட்டிருக்கு பாருங்க. லாரி டயரே அடிக்கலாம்ணே."

ஓட்டிக் காட்டச் சொன்னேன். மேசையில் இருந்த பேட்டரியில் மாட்டி, குழாய் முனையைக் கட்டைவிரலால் அழுத்தி அடைத்தார். முள் சட்டென்று 80-ஐத் தாண்டியது. "பார்த்தீங்களா?" என்றார்.

ஏமாற்றே இந்த இடத்தில்தான் இருக்கிறது. குழாய்க்குள் இருப்பது ஒரு கரண்டிக் காற்று. அதை அழுத்த எந்தப் பொம்மை மோட்டாராலும் முடியும். என் டயருக்குள் சுமார் 45 லிட்டர் இடம் இருக்கிறது. 45 பிஎஸ்ஐயிலிருந்து 65-க்கு ஏற்ற வெளிக்காற்று ஏறக்குறைய 60 லிட்டர் உள்ளே போகவேண்டும். பெட்டியில் போடுகிற "நிமிடத்துக்கு 35 லிட்டர்" எல்லாம் எதிர்ப்பே இல்லாமல் திறந்த வாயில் ஊதும்போது வருகிற அளவு. டயருக்குள் அழுத்தம் ஏற ஏற அது சரிந்துகொண்டே போகும். 150 என்பது அந்த மோட்டார் மூச்சுமுட்டி நிற்கிற இடமே தவிர, வேலை செய்கிற இடம் இல்லை.

அன்று இரவே வண்டி நிறுத்துமிடத்தில் போட்டுப் பார்த்தோம். 50-ஐத் தாண்டியதும் சத்தம் மாறியது, பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது, தானாக நின்றுவிட்டது. வால்வில் திருகியிருந்த பித்தளை முனையைக் கழற்ற மச்சான் கை வைத்தவர் "ஆ" என்று உதறினார், அவ்வளவு சூடு. ஆறவிட்டு, மறுபடி ஓட்டி, ஒருவழியாக முள் 65-ஐத் தொட்டது. எனக்கு மனம் ஒப்பவில்லை. மறுநாள் காலை கிளம்புமுன் டயர் கடைக்காரரை அழுத்தம் அளக்கிற கேஜ் வைத்துப் பார்க்கச் சொன்னேன். 53.

இதுதான் ஆபத்து. காற்று குறைந்த டயர் பாரத்தோடு ஓடும்போது பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறும், கடைசியில் வெடிக்கும். முன்னால் ஓட்டுகிறவருக்கு டிரெய்லர் டயர் தொய்ந்திருப்பது பெரும்பாலும் தெரியவே தெரியாது. இரண்டே சக்கரத்தில் நிற்கிற டிரெய்லரில் ஒன்று வெடித்தால், பின்னால் வருகிற மோட்டார்சைக்கிள்காரரின் கதி என்ன?

திருப்பிக் கொடுக்கப் போனால் கடையில் முகமே மாறிவிட்டது. "பெட்டியைப் பிரிச்சிட்டீங்க" என்றார்கள். அப்புறம் கையேட்டை எடுத்து, கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்ததைக் காட்டினார்கள்: கார், மோட்டார்சைக்கிளுக்கு மட்டும், 8 நிமிடம் ஓட்டினால் 20 நிமிடம் ஆறவிட வேண்டும். வாங்கும்போது இதை ஒருவர்கூடச் சொல்லவில்லை.

குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்கிற லெமன் சட்டம் இருக்கிறதே என்பீர்கள். 2012 செப்டம்பரிலிருந்து இருக்கிறது. வாங்கி ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது விற்கும்போதே இருந்ததாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் அது சொந்த உபயோகத்துக்கு வாங்கும் பயனீட்டாளர்களுக்கு. எங்கள் ரசீது நிறுவனத்தின் பெயரில் இருக்கிறது. சொந்தத் தொழில் செய்கிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு மிச்சம் இருந்த வழி சிறு கோரிக்கை நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரை அங்கே கோரலாம், இரண்டு ஆண்டுக்குள் போகவேண்டும், வழக்கறிஞர் தேவையில்லை, அவர்களுக்கு அங்கே அனுமதியும் இல்லை. இணையத்திலேயே மனு போட்டுவிட்டேன்.

நீங்கள் வாங்கப்போனால் முதலில் மின்சாரம் எங்கிருந்து எடுக்கிறது என்று பாருங்கள். சிகரெட் லைட்டர் சாக்கெட்டின் ஃபியூஸ் பெரும்பாலும் 10 அல்லது 15 ஆம்பியர். 12 வோல்ட்டில் அது 120 முதல் 180 வாட், அவ்வளவுதான். 65 அல்லது அதற்கு மேல் தேவைப்படும் டயருக்கு, பேட்டரியில் நேராகக் கவ்வுகிற கிளிப் உள்ள, 30 ஆம்பியர் அளவுக்கு இழுக்கிற ரகத்தைக் கேளுங்கள். லாரி 24 வோல்ட்டாக இருந்தால் 12 வோல்ட் கருவியை மாட்டவே கூடாது, எரிந்துபோகும். அந்தத் தம்பி என்னிடம் அதைக்கூடக் கேட்கவில்லை. தனியாக ஒரு நல்ல கேஜ் வாங்கி வைத்துக்கொண்டு, ஓடுவதற்கு முன் டயர் ஆறியிருக்கும்போது பாருங்கள்.

டிரெய்லரையே கடை வாசலுக்குக் கொண்டுபோய், உங்கள் டயரில் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் வேறு கடை பாருங்கள். ஒத்துக்கொண்டால், "டிரெய்லர் டயருக்கு, 65 பிஎஸ்ஐ" என்று ரசீதிலேயே அவர்கள் கையால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.