காரோட ஈசிஎம் (இன்ஜினைக் கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர்) போச்சுன்னு சொல்லிட்டாங்களா? இங்க ஒருக்கா காட்டுங்க

வண்ணார்பேட்டை பைபாஸ் பக்கம் உள்ள இந்த ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடைக்கு நம்பிப் போகலாம். எங்க கார் ஓடிக்கிட்டு இருக்கும்போதே ஆஃப் ஆகும். வேற ஒரு இடத்துல ஸ்கேனரைச் சொருகுன உடனே ஈசிஎம் மாத்தணும்னுட்டாங்க. இங்க அண்ணாச்சி மல்டிமீட்டரைத்தான் முதல்ல எடுத்தார். ஈசிஎம்முக்கு 12 வோல்ட் வருது, எர்த்தும் சரி. ஈசிஎம்ல இருந்து சென்சாருக்குப் போற 5 வோல்ட் மட்டும் விழுந்து கிடந்துச்சு. சென்சார் ஒண்ணு ஷார்ட் ஆனாலே இப்படி ஆகுமாம். அதனால ஒவ்வொரு சாக்கெட்டா கழட்டிப் பார்த்தார். வோல்ட் ஏறல, அப்போ கோளாறு சென்சார்ல இல்ல; வயரிங்கும் சரி. அப்புறம்தான் ஈசிஎம் மூடியைத் திறந்து காட்டினார்: தண்ணி இறங்கி போர்டு பச்சை பூத்திருந்துச்சு. அதே பார்ட் நம்பர்ல மாத்தி, இமொபிலைசர்ல (வேற சாவி போட்டா வண்டியை ஸ்டார்ட் ஆக விடாத திருட்டுத் தடுப்பு) சாவியையும் சேர்த்துக் கொடுத்தார். கூட்டம் ஜாஸ்தி, காத்துக் கிடக்கணும். பழைய ஈசிஎம்மைக் கையில கொடுத்துட்டுத்தான் பில்லே போட்டார்.