பழைய சேர்வருக்குப் புதிய கருவி: வன்னியில் எது வேலைக்காகும்?

வன்னியில் நெல் ஆலை, ஹாட்வெயார் கடை, ரியூசன் நிலையம் என்று எங்கே போனாலும் ஒரு மூலையில் பழைய வின்டோஸ் சேர்வர் ஒன்று தூசியோடு ஓடிக்கொண்டிருக்கும். பில் போடுகிற மென்பொருள், வெப்சைட்டுகளை ஓட்டுகிற அதன் ஐஐஎஸ் என்ற பகுதியில் ஒரு வெப்சைட்டாகக் கிடக்கும்; எழுதிக் கொடுத்தவர் இப்போது கனடாவில் இருப்பார். மாற்றுவம் என்று சொன்னால், "ஓடுதுதானே தம்பி, ஏன் கை வைக்கிறீர்?" என்பார் முதலாளி. 2022 இல் கியூஆர் கோட் காட்டிப் பெற்றோல் அடித்த காலத்தில், நின்றுபோன ஒரு வெப்சைட்டைத் திரும்ப எழுப்புவதற்காகப் பரந்தனில் இருந்து ஏ35 வீதியால் முல்லைத்தீவுக்கு ஓடுவது கட்டுபடியாகிற காரியமாக இருக்கவில்லை. இருந்த இடத்தில் இருந்தே பார்க்க வழி வேண்டும்.

கையில் வின்டோஸ் 10 அல்லது 11 லப்டொப். வழிகள் நான்கு: சேர்வரின் திரையையே இங்கே கொண்டுவருகிற ரிமோட் டெஸ்க்டொப், ஐஐஎஸ்ஸை மட்டும் நிர்வகிக்கிற ஐஐஎஸ் மனேஜர், பிரவுசரில் ஓடுகிற வின்டோஸ் அட்மின் சென்டர், கட்டளையாகத் தட்டுகிற பவர்ஷெல். எதைப் பிடிப்பது என்பதைச் சேர்வரின் வயதுதான் தீர்மானிக்கும்.

வின்டோஸ் சேர்வர் 2003 என்றால் பேச்சுக் குறைவு. அதில் இருப்பது ஐஐஎஸ் 6. அதன் அமைப்புகள் எல்லாம் மெற்றாபேஸ் என்ற தனிக் கோப்பில் இருக்கின்றன. ஐஐஎஸ் 7 இல் இருந்து அந்த ஏற்பாடே மாறிவிட்டது. அதனால் புதிய மனேஜரால் பழையதைத் திறக்கவே முடியாது. ஐஐஎஸ் 6 மனேஜர் என்று தனியாக ஒன்று சில காலம் கூடவே வந்தது. சேர்வர் 2025 இல் அதையும் எடுத்துவிட்டார்கள். கிடைத்தாலும் அது 135 ஆம் போர்ட்டில் (போர்ட் என்பது வலையமைப்பில் இலக்கமிட்ட வாசல்) தொடங்கி நினைத்த நினைத்த போர்ட்டுகளைக் கேட்கும், வேண்டாத தொடர்பை மறிக்கிற பயர்வோல் வைத்திருக்கிறவருக்குத் தலையிடி. 2003 க்கான ஆதரவு 2015 யூலையோடு முடிந்தது. அதற்கு விபிஎன் (இணையத்துக்குள் போடுகிற பாதுகாப்பான தனிப் பாதை) ஊடாக ரிமோட் டெஸ்க்டொப் மட்டும் போதும். வேறு எதற்கும் நேரம் செலவழிக்க வேண்டாம்.

விபிஎன் என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ரிமோட் டெஸ்க்டொப்பின் 3389 ஆம் போர்ட்டை ரவுட்டரில் நேரே வெளியே திறந்து விடுகிற பழக்கம் எங்கள் பக்கம் சாதாரணம். 2019 மே மாதம் வெளிவந்த புளூகீப் என்ற ரிமோட் டெஸ்க்டொப் பாதுகாப்பு ஓட்டை 2003, 2008, 2008 ஆர்2 மூன்றையும் பாதித்தது. ஆதரவு முடிந்து ஏறக்குறைய நான்கு வருடமான 2003 க்கே மைக்ரோசொப்ட் திருத்தம் விட்டது என்றால் விசயத்தின் பாரதூரம் விளங்கும். அதற்கு முந்திய வருடம் வேறொரு சிக்கல்: 2018 மே அப்டேட் போட்ட லப்டொப்புகள், அப்டேட் போடாத சேர்வர்களுக்குள் நுழைய மறுத்து, கிரெட்எஸ்எஸ்பி (உள்நுழைவு விவரத்தைக் கடத்துகிற முறை) பிழை காட்டின. இத்தனைக்கும் மேலே, ஐப்பசி கார்த்திகை மழையில் 4ஜி இழுபடும்போது முழுத் திரையையும் இழுத்துக் கொண்டிருப்பது பொறுமைக்குச் சோதனை.

2008 ஆர்2, 2012 வகைக்கு எனக்குப் பிடித்தது ஐஐஎஸ் மனேஜர். திரையைக் கொண்டுவராமல் தகவலை மட்டும் கொண்டுவருவதால் மெல்லிய லைனிலும் ஓடும். மென்பொருள் எழுதியவருக்கு அவருடைய சைட்டை மட்டும் திறந்து கொடுக்கலாம், வின்டோஸ் கணக்கே தேவையில்லை. ஆனால் முதல்தடவை பொருத்துவதற்குள் சில இடத்தில் மறிக்கும். லப்டொப்பில் வெறும் மனேஜரை ஏற்றினால் வெளிச் சேர்வருக்கு இணைகிற தெரிவே வராது. ரிமோட் அட்மினிஸ்ட்ரேசன் என்ற இணைப்பைத் தனியே இறக்கிப் போடவேண்டும். சேர்வர் பக்கம் மனேஜ்மென்ட் சேர்விஸ் வேண்டும், போர்ட் 8172. அந்தச் சேவை ஓடிக்கொண்டிருக்கும்போது தொலைத் தொடர்பை அனுமதிக்கிற பெட்டி மங்கலாகவே நிற்கும்; நிற்பாட்டி, ரிக் போட்டு, திரும்ப ஓடவிட வேண்டும்.

முக்கியமானது இனித்தான். அந்தச் சேவை இயல்பாக மனுவல் நிலையில், கையால் தொடக்கினால் மட்டும் ஓடுவதாக இருக்கும். கரண்ட் போய் யூபிஎஸ்ஸும் இறங்கி, சேர்வர் தானாக எழும்பினால் வெப்சைட் வந்துவிடும், இது வராது. அதை ஓட்டோமற்றிக் ஆக்காமல் வீட்டுக்கு வந்தால் அடுத்த மின்வெட்டோடு திரும்ப ஏ35 தான்.

இன்னொன்று டிஎல்எஸ், தொடர்பை மறைகுறியாக்குகிற முறை. 2008 ஆர்2 க்கு டிஎல்எஸ் 1.2 தெரியும், ஆனால் இயல்பில் மூடிக்கிடக்கும். லப்டொப்பில் டிஎல்எஸ் 1.0 அணைந்திருந்தால் இரண்டுக்கும் பேச்சுவார்த்தை சரிவராது. பாஸ்வேர்ட் சரியாக இருந்தும் தொடர்பு அறுந்தது என்று மட்டும் சொல்லும். லப்டொப்பின் பாதுகாப்பைக் குறைத்து இதைத் தீர்க்கச் சொல்வோர் உண்டு. நான் அதற்கு எதிர். சேர்வரின் ரெஜிஸ்ட்ரியில் (வின்டோஸ் தன் அமைப்புகளை வைத்திருக்கிற பதிவேடு) 1.2 ஐத் திறந்து ஒரு ரீஸ்டார்ட் கொடுங்கள்.

வின்டோஸ் அட்மின் சென்டர் பார்க்க அழகு. 2018 இல் வந்தது, பிரவுசரிலேயே எல்லாம். 2012 க்குப் பவர்ஷெல் 5.1 ஏற்றவேண்டும், ஐஐஎஸ்ஸுக்கு என்று தனி நீட்சியும் சேர்வரில் ஒரு சேவையும் வேண்டும். 2016 க்குப் பிந்தியவை பலது இருக்கிற இடத்துக்குப் பொருந்தும். ஒரே ஒரு பழைய பெட்டிக்கு இவ்வளவு ஆரவாரம் எதற்கு?

பவர்ஷெல்லின் பலம் வேறு. கட்டளை பழைய சேர்வருக்குள்ளேயே, அதன் சொந்த மொடியூலைக் (கட்டளைத் தொகுப்பு) கொண்டு ஓடுகிறது; லப்டொப் விடையை மட்டும் வாங்குகிறது. அதனால் பதிப்புச் சண்டை குறைவு. 2008 ஆர்2 இல் ரிமோட்டிங்கை (வெளியில் இருந்து கட்டளை வாங்குகிற வசதி) ஒருமுறை திறக்கவேண்டும். எங்கள் கடைகளில் டொமைன் (கணினிகளை ஒரே இடத்தில் இணைத்து நிர்வகிக்கிற ஏற்பாடு) இருப்பதில்லை என்பதால், லப்டொப் நம்புகிற கணினிகளின் ட்ரஸ்டட் ஹோஸ்ட்ஸ் பட்டியலில் சேர்வரைச் சேர்க்கவும் வேண்டும். இதையும் விபிஎன்னுக்குள்ளேயே வைத்திருங்கள். பத்து சைட் உள்ள இடத்தில் மனேஜரில் சொடுக்கிச் சொடுக்கிச் செய்வதை இது ஒரு வரியில் முடிக்கும்.

ஆனால் ஒரு பொறி: 2008 ஆர்2 இல் சைட் விவரம் தருகிற கெற்-வெப்சைட் கட்டளைக்குப் பெயர் கொடுத்தாலும் அது பெயரைக் கவனிக்காமல் எல்லாச் சைட்டையும் திருப்பித் தரும். அதை அப்படியே நிற்பாட்டும் கட்டளைக்குள் செலுத்தினால் முழுக் கடையும் இருண்டுபோகும். பெயரை வேர்-ஒப்ஜெக்ட் வைத்து வடிகட்டிய பிறகுதான் அடுத்த கட்டளை.

எந்தக் கருவியைப் பிடித்தாலும், 2008 இலோ அதற்குப் பிந்திய சேர்வரிலோ கை வைக்க முதல், ஐஐஎஸ்ஸோடு வருகிற ஆப்சிஎம்டி என்ற கட்டளைக் கருவியால் ஒரு பக்கப் எடுத்துவிடுங்கள், ஒரு வரிதான். மறந்தாலும் ஐஐஎஸ்ஸின் இனெற்பப் போல்டருக்குள் இருக்கிற ஹிஸ்டரி போல்டரைப் பாருங்கள். அமைப்பு மாறியதா என்று ஐஐஎஸ் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்து, கடைசிப் பத்துப் பிரதிகளை அங்கே வைத்திருக்கும்.