ஐஸ் ஹாக்கி: ஒலிம்பிக்கா, ஜூனியரா, மே மாத உலக சாம்பியன்ஷிப்பா?

நாடுகள் மோதும் ஐஸ் ஹாக்கித் தொடர்களில் ஒன்றை மட்டும் முழுசாகப் பின்தொடர நேரம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கையில் இருக்கும் தேர்வுகள் நான்கு: நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வரும் ஒலிம்பிக், டிசம்பர் கடைசியில் தொடங்கும் 20 வயதுக்குட்பட்டோர் சாம்பியன்ஷிப், வட அமெரிக்காவின் தொழில்முறை லீக்கான என்எச்எல் தனக்குத் தோன்றும்போது நடத்தும் உலகக் கோப்பை வகையறா, சர்வதேச ஐஸ் ஹாக்கி கூட்டமைப்பு (ஐஐஎச்எஃப்) மே மாதம் நடத்தும் உலக சாம்பியன்ஷிப். நான்கையும் பார்த்துவிட்டு நான் கடைசியில் மே மாதத்தோடு தங்கிவிட்டேன். அதனால் இதில் நடுநிலையை எதிர்பார்க்காதீர்கள்.

ஆட்டத்தின் தரத்தை முதலிலேயே பேசி முடித்துவிடலாம். என்எச்எல் நட்சத்திரங்கள் அத்தனை பேரும் ஆடும் ஒலிம்பிக்குக்கு ஈடு கிடையாது. 2010 வான்கூவர் இறுதியில் முடிய அரை நிமிடம்கூட இல்லாதபோது அமெரிக்கா சமன் செய்ததையும், ஓவர்டைமில் கனடாவின் சிட்னி கிராஸ்பி அடித்த கோலையும் பார்த்தவரிடம் போய் வேறு தொடரைப் பரிந்துரைப்பது வீண். ஆனால் அந்த நட்சத்திரங்கள் வருவார்களா என்பதே ஒவ்வொரு முறையும் ஒரு பஞ்சாயத்து. 1998 நகானோவிலிருந்து 2014 சோச்சி வரை ஐந்து முறை வந்தார்கள். 2018-லும் 2022-லும் வரவில்லை. 2026-இல்தான் மறுபடி கதவு திறந்தது.

அவர்கள் வராத ஆண்டுகள் சப்பென்று இருந்தன என்றும் சொல்லிவிட முடியாது. 2018 இறுதியில் ஜெர்மனி 3-2 என முன்னிலையில் இருந்தது, ஆட்டம் முடிய ஒரு நிமிடம்கூட இல்லை. எதிரே ரஷ்ய வீரர்களின் அணி, பெனால்டியால் ஓர் ஆள் குறைவு. கோல்கீப்பரை வெளியே எடுத்து கூடுதலாக ஓர் ஆட்டக்காரரை இறக்கி, சமன் செய்து, ஓவர்டைமில் கிரில் கப்ரிசோவின் கோலால் தங்கத்தைக் கொண்டுபோனார்கள்.

ஒலிம்பிக் பற்றி எனக்கிருக்கும் மனக்குறை வேறு. 12 அணிகள், மூன்று குழுக்கள், ஆளுக்கு மூன்று ஆட்டங்கள். அந்த மூன்றின் முடிவில் யாரும் வெளியேறுவதில்லை. முதல் நான்கு அணிகள் நேரே காலிறுதிக்குப் போகின்றன. மீதி எட்டும் ஒரு தகுதி ஆட்டம் ஆடுகின்றன. 2014-இல் லாட்வியா குழுவில் மூன்றையும் தோற்றது. பிறகு, குழுவில் தன்னைத் தோற்கடித்த அதே சுவிட்சர்லாந்தை வென்று காலிறுதிக்கு வந்து, கனடாவிடம் 2-1 என்ற கணக்கில்தான் தோற்றது. அந்தக் காலிறுதியில் லாட்விய கோல்கீப்பர் குட்லெவ்ஸ்கிஸ் தடுத்த ஷாட்டுகள் 55. கதையாகக் கேட்க அருமை. ஆனால் மூன்று தோல்விக்கும் அபராதமே இல்லை என்றால் முதல் வாரத்தை எதற்காகப் பதைபதைத்துப் பார்ப்பது?

ஜூனியர் தொடர் மேல் எனக்கு ஒரு பலவீனம் உண்டு. டிசம்பர் 26-இலிருந்து ஜனவரி 5 வரை, பத்தே அணிகள். பையன்கள் வேகமாக ஆடுவார்கள், அதே வேகத்தில் தப்பும் செய்வார்கள்; மூன்று கோல் முன்னிலையெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. கொரோனாவால் நின்றுபோன 2022 தொடரை அந்த ஆகஸ்டில் எட்மன்டனில் மறுபடி நடத்தினார்கள். இறுதியின் ஓவர்டைமில் பின்லாந்து வீரர் அடித்த பக் (ஆடும் ரப்பர் வட்டு) கோல்கீப்பரைத் தாண்டிக் காற்றில் மிதந்தபடி வலைக்குள் இறங்கப் போகிறது. கனடா கேப்டன் மேசன் மெக்டாவிஷ் அதைக் கோல்கோட்டின் மேலேயே ஸ்டிக்கால் தட்டிவிடுகிறார். கொஞ்ச நேரத்தில் கென்ட் ஜான்சன் மறுமுனையில் கோல் அடிக்க, ஆட்டம் முடிந்தது. மெதுவாக ஓட்டிப் பார்த்தாலும் அந்தத் தடுப்பை நம்ப முடியாது.

ஆனால் இந்தத் தொடரில் நாம் ஓர் அணியோடு பழகிக்கொண்டிருக்கும்போதே அது கலைந்துவிடுகிறது. அடுத்த டிசம்பரில் பாதிப் பெயர்கள் புதிது. பெரிய அணிக்கும் சின்ன அணிக்கும் உள்ள இடைவெளியும் இந்த வயதில் கொடூரமாகத் தெரியும். 2020 டிசம்பர் 26 அன்று கனடா 16, ஜெர்மனி 2. ஜெர்மனி அணியில் பலர் தனிமைப்படுத்தலில் மாட்டிக்கொண்டு ஆளில்லாமல் ஆடியது என்பதைச் சொல்லாவிட்டால் அநியாயம். இருந்தாலும் அப்படி ஓர் ஆட்டத்தை உட்கார்ந்து பார்ப்பது ஒரு தண்டனைதான்.

என்எச்எல் நடத்தும் தொடர்களுக்கு ஒரு பத்தி போதும். உலகக் கோப்பை என்ற பெயரில் 1996, 2004, 2016 என்று நடந்தது. 2016-இல் 'ஐரோப்பா' என்றொரு கூட்டணியையும், 23 வயதுக்குட்பட்ட வட அமெரிக்கர்களின் அணியையும் நாடுகளோடு நாடாக இறக்கினார்கள். 2025 பிப்ரவரியில் நான்கு நாடுகளை மட்டும் கூப்பிட்டு ஒரு தொடர். மான்ட்ரியலில் கனடா-அமெரிக்கா ஆட்டம் தொடங்கிய ஒன்பது விநாடிக்குள் மூன்று கைகலப்புகள். பாஸ்டனில் நடந்த இறுதியில் ஓவர்டைமில் கானர் மெக்டேவிட் கோல். விறுவிறுப்புக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஜெர்மனியின் டிரைசைட்டலுக்கும் செக் வீரர் பாஸ்ட்ரனாக்குக்கும் இடமே இல்லாத ஒன்றை நாடுகளின் சாம்பியன்ஷிப் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இனி மே மாதம். இதன்மேல் வைக்கப்படும் குற்றச்சாட்டு எல்லோருக்கும் தெரிந்தது: இது மிச்சம் மீதிகளின் தொடர். ஏப்ரல் நடுவில் என்எச்எல் லீக் சுற்று முடியும்போது 32 அணிகளில் 16, லீக்கின் பட்டமான ஸ்டான்லி கோப்பைக்கான பிளேஆஃப் என்ற நாக்அவுட் சுற்றுக்குப் போய்விடுகின்றன. அது ஜூன் வரை இழுக்கும். ஆக உலக சாம்பியன்ஷிப்புக்குக் கிடைப்பவர்கள் பிளேஆஃபைத் தவறவிட்டவர்களும் சீக்கிரம் தோற்றவர்களும். அவர்களிலும் காயம், ஒப்பந்தம், அலுப்பு என்று சொல்லிப் பலர் வருவதில்லை. குற்றச்சாட்டு உண்மைதான். நானும் மறுக்கவில்லை.

ஆனால் அதே ஏற்பாட்டில் ஒரு சுவாரசியமும் ஒளிந்திருக்கிறது. அணிப் பட்டியலில் காலி இடம் வைத்திருந்தால், தொடரின் நடுவிலும் ஆளைச் சேர்த்துக்கொள்ளலாம். 2024-இல் பிராகில் செக் அணி குழு ஆட்டங்களை ஆடிக்கொண்டிருக்கும்போது அங்கே பாஸ்டன் அணி பிளேஆஃபில் வெளியேறுகிறது. அந்த அணியில் ஆடும் பாஸ்ட்ரனாக்கும் பாவெல் ஸாகாவும் விமானம் ஏறி வருகிறார்கள். காலிறுதியில் அமெரிக்காவுக்கு எதிராக ஒரே கோல், அடித்தவர் ஸாகா. இறுதியில் சுவிட்சர்லாந்துக்கு எதிராக 2-0. வெற்றிக்கு வழிவிட்ட முதல் கோல் பாஸ்ட்ரனாக்குடையது. அட்லான்டிக்குக்கு அந்தப் பக்கம் யார் தோற்கிறார்கள் என்பதையும் ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய தொடர் இது ஒன்றுதான்.

சரி, இதெல்லாம் சமாதானம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். என்னை உண்மையில் பிடித்து நிறுத்தியது பட்டியலின் அடிப்பகுதி.

அமைப்பு இதுதான்: 16 அணிகள், எட்டெட்டாக இரண்டு குழுக்கள், ஆளுக்கு ஏழு ஆட்டங்கள். ஒவ்வொரு குழுவிலும் முதல் நான்கு காலிறுதிக்குப் போகும். ஒவ்வொரு குழுவிலும் கடைசி அணி கீழ் டிவிஷனுக்கு இறங்கும். அங்கிருந்து இரண்டு அணிகள் மேலே வரும். இது வருடா வருடம் நடக்கும். இறங்கிவிட்டால் அடுத்த ஆண்டு கனடா, சுவீடனோடு ஆடும் வாய்ப்பு போயிற்று. மறுபடி ஏற அந்த டிவிஷனில் முதல் இரண்டு இடத்துக்குள் வந்தாக வேண்டும். இறக்கம் ஜூனியரிலும் உண்டு, ஆனால் ஒரே ஓர் அணிக்கு. ஒலிம்பிக்கில் தகுதிச் சுற்றோடு தலைவலி முடிந்துவிடும்.

இதன் விளைவு புள்ளிக் கணக்கில் தெரியும். 60 நிமிடத்துக்குள் வென்றால் 3 புள்ளி. சமனில் முடிந்தால் இருவருக்கும் ஆளுக்கு ஒன்று, ஓவர்டைமிலோ ஷூட்அவுட்டிலோ வெல்பவருக்கு இன்னொன்று. சின்ன அணி ஏழு ஆட்டத்தில் நான்கைத் தோற்கப்போகிறது என்பது அதன் பயிற்சியாளருக்கே தெரியும். நிஜமாக அது ஆடுவது மீதி மூன்றுக்காக. அடுத்தடுத்த நாள் ஆட்டம் விழுந்தால், பெரிய அணிக்கு எதிராக முதல் கோல்கீப்பரை உட்காரவைத்து அடுத்த ஆட்டத்துக்குப் பத்திரப்படுத்துவார்கள். இந்தச் சூழலில் பெரிய அணியிடமிருந்து எதிர்பாராமல் ஒரு புள்ளி விழுந்தால் அது புதையல்.

2024-இல் ஆஸ்திரியா செய்ததைப் பாருங்கள். கனடாவிடம் 1-6 எனப் பின்தங்கியிருந்தது. கடைசிப் பகுதியான மூன்றாவது பீரியடில் ஐந்து கோல் அடித்து 6-6. ஓவர்டைமில் ஜான் டவாரெஸ் அடித்த கோலில் தோற்றது. ஆனால் ஒரு புள்ளி கையில். பிறகு பின்லாந்தோடு 2-2, கடிகாரத்தில் மிச்சம் 0.2 விநாடி. ஆஸ்திரியாவின் பாம்கார்ட்னர் பக்கை வலைக்குள் தள்ளிவிட்டார். விளக்கு எரிந்ததா, நேரம் முடிந்ததா என்று பார்த்து, கோல் செல்லும் என்றார்கள். ஒரு நொடி தாமதித்திருந்தால் உறுதியாகக் கிடைப்பது ஒரு புள்ளி, கிடைத்ததோ மூன்று. ஆஸ்திரியா மேலேயே தங்கியது. அடுத்த ஆண்டு அதே அணி காலிறுதி வரை போனது.

2019-இல் கோஷிட்சேயில் நடந்த பிரிட்டன்-பிரான்ஸ் ஆட்டம் இன்னும் நேரடியானது. தோற்பவர் இறங்க வேண்டும். பிரிட்டன் 25 ஆண்டு கழித்து மேல் டிவிஷனுக்கு வந்திருந்தது. ஆடிய ஆறையும் தோற்றிருந்தது. பிரான்ஸ் 2008-இலிருந்து இறங்கியதே இல்லை. பிரான்ஸ் 3-0. அதன் பிறகு பிரிட்டன் மூன்றையும் திருப்பி, ஓவர்டைமில் பென் டேவிஸ் கோலால் 4-3. பதக்கமும் கோப்பையும் இல்லாத ஓர் ஆட்டத்தில் பனித்தளத்தில் அப்படிக் குவிந்து விழுந்த அணியை நான் பார்த்ததில்லை. அந்த நாட்டின் கதை அதோடு நிற்கவும் இல்லை: 2022-இல் இறங்கி, 2024-க்கு ஏறி, உடனே இறங்கி, 2026-க்கு மறுபடி ஏறியது. பின்தொடர்பவனுக்கு இதில் கிடைக்கும் தொடர்ச்சி வேறு எந்தத் தொடரிலும் இல்லை.

இந்த விதியில் ஒரு ஓட்டையும் உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். அடுத்த ஆண்டு போட்டியை நடத்தும் நாட்டை இறக்கமாட்டார்கள். 2009-இல் ஜெர்மனி பதினைந்தாம் இடம். நியாயமாக இறங்கியிருக்க வேண்டும். 2010-ஐ நடத்துவது அவர்கள் என்பதால் தப்பித்தார்கள். அந்த ஆண்டு கெல்சன்கிர்சென் கால்பந்து மைதானத்தில் பனித்தளம் போட்டு 77,803 பேர் முன்னால் முதல் ஆட்டத்தில் அமெரிக்காவை ஓவர்டைமில் வென்று, நான்காம் இடம் வரை வந்தார்கள். சலுகையில் தங்கிய அணி அரையிறுதி ஆடினால், இறக்கம் என்ற தண்டனையே கொஞ்சம் தற்செயல்தானோ என்று சந்தேகம் வருகிறது. எனக்கும் வந்தது.

ஆனால் டென்மார்க் அந்தச் சந்தேகத்தைப் போக்கிவிட்டது. 2003-இல் மேலே வந்த அணி, அதன் பிறகு இறங்கவே இல்லை. வருடா வருடம் பெரியவர்களிடம் அடிவாங்கி, தேவையான ஒன்றிரண்டு ஆட்டத்தை மட்டும் எப்படியோ வென்று தங்கியது. 2025-இல் ஹெர்னிங்கில், சொந்த ரசிகர்கள் முன், காலிறுதியில் கனடா. எதிரே கிராஸ்பியும் நேத்தன் மெக்கினனும். முடிய இரண்டே சொச்சம் நிமிடம் இருக்கும்போது 0-1. தான் அப்போது ஆடிய வின்னிபெக் அணி என்எச்எல் பிளேஆஃபில் தோற்றதால் அப்போதுதான் வந்து சேர்ந்திருந்த நிகோலாய் ஏலர்ஸ் சமன் செய்தார். ஒரு நிமிடத்துக்கும் குறைவாக இருக்கும்போது நிக் ஓலெசன் இரண்டாவதை அடித்தார். 22 ஆண்டு விடாமல் மேலே தொங்கிக்கொண்டிருக்காத அணிக்கு அந்த இரண்டு நிமிடம் வாய்த்திருக்காது. லாட்வியாவும் இப்படித்தான்: 2023-இல் அமெரிக்காவை 4-3 என வென்று வெண்கலம் எடுத்தபோது, அந்த நாட்டு நாடாளுமன்றம் நள்ளிரவில் கூடி மறுநாளை விடுமுறையாக அறிவித்தது.

மே மாதத்தின் குறைகளையும் எழுதிவைக்கிறேன். வருடா வருடம் நடப்பதால் தங்கத்தின் மதிப்பு ஒலிம்பிக் தங்கத்தைத் தொடாது. கனடா, அமெரிக்காவில் பெரும்பாலான ரசிகர்கள் அந்த நேரத்தில் ஸ்டான்லி கோப்பையைத்தான் பார்க்கிறார்கள். 2025-இல் அமெரிக்கா 1933-க்குப் பிறகு முதல்முறையாக இந்தத் தொடரை நேரடியாக வென்றபோதுகூட அங்கே பெரிய ஆரவாரம் இருந்ததாகத் தெரியவில்லை. மொத்தம் 64 ஆட்டங்கள். முதல் நான்கு நாட்களில் 7-0, 8-1 என்று சில வரத்தான் செய்யும், தாராளமாகத் தாண்டிப் போகலாம். ரஷ்யாவும் பெலாரஸும் 2022-இலிருந்து விலக்கப்பட்டிருப்பதால் 'உலக' என்ற அடைமொழியும் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது.

பெண்கள் உலக சாம்பியன்ஷிப்பை நான் துண்டு துண்டாகத்தான் பார்த்திருக்கிறேன், அதனால் இந்த வரிசையில் வைத்து எடைபோடவில்லை. 1990-இல் தொடங்கியதிலிருந்து தங்கம் கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் வெளியே போனதில்லை. அந்த இருவர் மோதும் இறுதிகளுக்கு இணை ஆண்கள் பக்கத்தில் அரிதாகவே கிடைக்கும் என்பது மட்டும் பார்த்த அளவில் என் கருத்து.

புதிதாகத் தொடங்குபவருக்கு என் யோசனை: கனடாவையோ சுவீடனையோ எடுக்காதீர்கள். புதிதாக ஏறிவந்த இரண்டு அணிகளில் ஒன்றை எடுத்து அதன் ஏழு ஆட்டத்தையும் பாருங்கள்; போகிற போக்கில் பெரிய அணிகளையும் பார்த்துவிடுவீர்கள். ஒரே ஒரு நாள்தான் முடியும் என்றால் இறுதிப்போட்டியை விட்டுவிட்டு, குழுச் சுற்றின் கடைசி நாளை எடுங்கள். அன்று காலை புள்ளிப் பட்டியலில் ஏழாவது, எட்டாவது வரியைப் பாருங்கள். அந்த இரண்டு அணிகளும் நேருக்கு நேர் மோதினால் அதிர்ஷ்டம். சில ஆண்டுகளில் அது முந்தின நாளே தீர்ந்துபோய்விடும். அப்போது நான்காவது, ஐந்தாவது வரிக்கு ஏறுங்கள், காலிறுதிக்கான கடைசி இடம் பெரும்பாலும் அங்கே பாக்கி இருக்கும்.